ஜன்னலும் மரமும் போட்ட பெட்டி

என் வயதுக்காரர்கள் படிப்பீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்களுக்குப் படம் என்றால் கைபேசி. அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. நீங்கள் வாருங்கள். என் கண்ணைத் துணியால் கட்டிவிட்டுப் பழைய ஜப்பான் காமிரா ஒன்றை என் கையில் கொடுங்கள். எந்தக் கம்பெனி, சண்டைக்கு முந்தியதா பிந்தியதா, நடுவில் யாராவது பிரித்துப் பூட்டினார்களா, மூன்றையும் சொல்லிவிடுவேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். புதுச்சேரியில் முப்பத்தைந்து வருஷம் காமிரா பழுது பார்க்கும் கடை நடத்தினேன். மெட்ராசிலிருந்து ஸ்டூடியோக்காரர்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி வருவார்கள். பொம்பளையா பார்க்கப்போகிறாள் என்று வாசலில் தயங்கியவர்கள் போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு எந்த மனுஷரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஒரே ஒரு பெட்டி கற்றுக் கொடுத்தது. அந்தப் பெட்டியால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

எங்களுக்குப் பாகூர். ஏரிக்குக் கீழே அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் நிலம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, சைகோனில் நாலு வருஷம் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். சைகோன் போய் வந்தவர்கள் அந்தக் காலத்தில் எதையாவது கொண்டுவந்து ஊர் வாயைப் பிளக்க வைப்பார்கள். ஒருவர் கிராமபோன், ஒருவர் மேலே சிங்கத் தலை வைத்த கைத்தடி. சித்தப்பா கொண்டுவந்தது மடக்குக் காமிரா.

மூடியிருக்கும்போது அது கறுப்புத் தோல் போட்ட சின்னப் பெட்டி. வெற்றிலைப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. ஓரத்தில் ஒரு குமிழை அழுத்தினால் முன்கதவு பலகை போல விழும். உள்ளேயிருந்து கொல்லன் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக ஒன்று நீண்டு வரும். அதன் நுனியில் கண்ணாடிக் கண். கதவுக்கு அடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கால், பெட்டி சாயாமல் நிற்பதற்கு. திறந்ததும் ஒரு வாசனை வரும். புதுச் செருப்பும் கற்பூரமும் கலந்தது போல இருக்கும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெட்டியைத் திறந்துவிட்டேன், அந்த வாசனை மட்டும் திரும்ப வரவில்லை.

“செர்மன் பொட்டிபா இது. செர்மன்காரன் தவிர எவனாலயும் செய்ய முடியாது” என்று சித்தப்பா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். ஊரும் நம்பியது. ஏம்பலத்தில் கரும்பு வைத்திருந்த ஒரு பெரிய குடித்தனக்காரரும் நம்பினார். நம்பித் தன் பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்தார். சித்தப்பாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. இருந்தும், “நெலம் எல்லார்கிட்டயும் கீது. செர்மன் பொட்டி எவன்கிட்ட கீது?” என்று அவர் தன் பங்காளிகளிடம் சொன்னாராம். நிச்சயத்தன்று சித்தப்பா அவரை அவருடைய கரும்பு ஆலைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார்.

படத்தைக் கழுவியது நான். நெல் வைக்கும் அறையை இருட்டாக்கிச் சித்தப்பா மருந்தில் போட்டு எடுப்பார். அதோடு அவர் வேலை முடிந்தது. மருந்து போகும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பன்னிரண்டு தண்ணீர் மாற்ற வேண்டும் என்பது சித்தப்பா கணக்கு. விரலால் தடவினால் வழவழப்புப் போயிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. மருந்து மிச்சம் இருந்தால் வெயில் படப்பட படம் பழுத்த இலை போல மஞ்சளாகிவிடும். ஏரி மதகுக்குப் பக்கத்து வாய்க்காலில் தாம்பாளத்தை வைத்து அலசுவேன். அப்படி ஒரு கை வேறு எந்தப் பிள்ளைக்கும் வராது என்று சித்தப்பாவே சொல்லியிருக்கிறார்.

காய்ந்த படத்தைக் கரும்பச்சை அட்டையில் ஒட்டுவார்கள். சைகோனிலிருந்து வந்த அட்டை, முன்னும் பின்னும் ஒரே பச்சை. ஏம்பலத்துக்காரர் படத்தை ஒட்டி முடித்தபோது அப்பாவே அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஆலைக்குப் பக்கத்தில் குவித்திருந்த கரும்பில் ஒவ்வொரு தோகையும் தனித்தனியாகத் தெரிந்தது. மாட்டின் கழுத்துக் கயிற்றில் முடிச்சு தெரிந்தது. அவர் மீசையில் நரைத்த முடியை எண்ணலாம்.

பெட்டியைத் துடைப்பதும் என் வேலைதான். பழைய வேட்டிக் கிழிசலை விரலில் சுற்றித் துடைப்பேன். ஒருநாள் பிலிம் சுருள் மாட்டும் இடத்தில் உள்பக்கம் ஒட்டியிருந்த சின்னக் காகிதத்தைப் பார்த்தேன். எழுத்து எனக்கு அவ்வளவு வராது. ஆனால் அதில் இருந்தது எனக்கு எழுத்தாகவே தெரியவில்லை. ஒரு ஜன்னல், நடுவில் ஒரு குறுக்குக் கம்பி. அதற்கு அடுத்து ஒரு மரம், கிளை இரண்டு பக்கமும் தொங்க, அடிமரத்தில் ஒரு கோடு. இந்த ஜன்னலையும் மரத்தையும் நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேன். ஓடிப்போய் என் பொம்மையை எடுத்து வந்தேன். வில்லியனூர்த் தேருக்குப் போனபோது அப்பா வாங்கிக் கொடுத்த ஜப்பான் பொம்மை. ஊதினால் பறக்கிற கனம். வாங்கிய மூன்றாம் நாள் இரண்டு கையும் கழன்று விழுந்துவிட்டன. அதன் முதுகில் அதே ஜன்னல், அதே மரம்.

“சித்தப்பா, ஒங்க பொட்டியும் எம் பொம்மையும் ஒரே ஊரு” என்றேன்.

சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார். “ஒனக்குக் கண்ணு ஜாஸ்தி, பாப்பா. வாயக் கொஞ்சம் கம்மியா வெச்சிக்கோ” என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. சைகோனில், தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த ஒரு ஜப்பான் படக்காரரிடமிருந்துதான் வாங்கியிருந்தார்.

ஜப்பான் சாமான் என்றால் அன்றைக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுதும்போதே உடையும் பென்சில், நனைந்தால் வெளுக்கும் துணி. ஏம்பலத்துக்காரரே ஒரு ஜப்பான் சட்டைத்துணி வாங்கி ஒரே ஒரு தரம் வாய்க்காலில் நனைத்து, ஊதா எல்லாம் வேட்டிக்கு இறங்கி, அதே வேட்டியோடு தெருவில் நடந்து வந்தவர். அதிலிருந்து, வாக்கு மாறுகிற ஆளை அவர் ‘ஜப்பான்’ என்றுதான் ஏசுவார்.

இப்படி இருக்கும்போது பிரெஞ்சுக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை மூண்டது. நாங்கள் இருந்தது பிரெஞ்சு சீமை. அதனால் ஜெர்மன்காரன் எங்களுக்கும் விரோதி ஆனான். ஒரு காலையில் தெருவில் தமுக்கு அடித்துக்கொண்டு வந்தார்கள். ஜெர்மன் ரேடியோ, ஜெர்மன் காமிரா வைத்திருப்பவர்கள் மேரிக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். ஊர் நிர்வாகம் பார்க்கும் கொம்யூன் ஆபீசை நாங்கள் மேரி என்போம். எங்கள் பக்கத்தில் ஜெர்மன் காமிரா வைத்திருந்தது ஒரே ஒருவர்தான். அவர் அதை நாலு வருஷமாகத் தமுக்கு இல்லாமலே ஊருக்கு அறிவித்திருந்தார்.

சித்தப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு மேரிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். ஏம்பலத்துக்காரரும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார், மாப்பிள்ளைக்கு ஒன்று என்றால் ஜாமீன் நிற்க. அந்த நல்ல மனசுதான் வினையாகிவிட்டது. அவர் இல்லாமலிருந்தால் சித்தப்பா உண்மையைச் சொல்லிப் பெட்டியை மீட்டிருப்பார்.

மேரி கிளார்க்கு டீ குடித்துக்கொண்டிருந்தார். பெட்டியை வாங்கிக் கதவைத் திறந்து, கண்ணைச் சுற்றியிருந்த எழுத்தை மூக்கு இடிக்கும்படி வைத்துப் படித்தார்.

“செர்மன் எழுத்துதான். பொட்டிய வெச்சிட்டுப் போ. புதுச்சேரிக்கு அனுப்பணும். ஒன்னையும் கூப்புட்டு விசாரிப்பாங்க.”

“விசாரிச்சா இன்னா கேப்பாங்க, முசே?” என்றார் சித்தப்பா. எங்கள் பக்கத்தில் ஐயா என்பதற்கு முசே.

“யாரு குடுத்தா, யாருக்குப் படம் புடிச்சி அனுப்புறன்னு கேப்பாங்க. நீ இன்னா சொல்ற? செர்மன் பொட்டிதான?”

சித்தப்பா ஏம்பலத்துக்காரரைப் பார்த்தார். ஏம்பலத்துக்காரர் பெருமையாக, “செர்மன்தான் முசே. ஊருக்கே தெரியும்” என்றார். ஆமாம் என்றால் பெட்டி போகும், ஆளும் போகலாம். இல்லை என்றால் பெண் போய்விடும். சித்தப்பா துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் காதுமடல் சிவந்ததை நான் பார்த்தேன். கிளார்க்கு பேனாவை மையில் தொட்டார்.

நான் பாவாடை மடிப்பிலிருந்து பொம்மையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“அது செர்மன் இல்ல. இத மாதிரி. உள்ள பாருங்க, ஜன்னலும் மரமும் போட்டிருக்கும்.”

“யாருடி நீ? இன்னா ஜன்னலு?”

பெட்டியின் முதுகைத் திறக்க எனக்குத் தெரியும். திறந்து காட்டினேன். பொம்மையின் முதுகையும் காட்டினேன். கிளார்க்கு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, தன் டீக் கோப்பையைத் தூக்கி அடியைப் பார்த்தார். மிச்சம் இருந்த டீ பதிவேட்டின்மேல் கொட்டியது. கோப்பையின் அடியிலும் ஜன்னலும் மரமும் இருந்தன.

“அட, ஜப்பான்” என்றார். “ஜப்பான்காரன் நமக்கு விரோதி இல்லியே. எடுத்துனு போ. போறப்ப அந்தப் பியூனக் கூப்புடு, இதத் தொடைக்கணும்.”

பெட்டி கைக்கு வந்துவிட்டது. வெளியே வந்ததும் ஏம்பலத்துக்காரர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

“ஜப்பான் பொட்டிக்கா எம் பொண்ணப் பேசினேன்?”

“மாமா, படம் நல்லாத்தான விழுது...”

“எஞ்சட்டையும் வாங்கறப்ப நல்லாத்தான் இருந்திச்சு. மாமாங்கிறத இப்போதிக்கு நிறுத்திக்க.”

வீட்டில் அம்மா கரண்டிக் காம்பால் என் முழங்காலில் போட்டாள். அப்பா, “வாயில்லாத பொம்மையே பேசாம இருந்துது, இவ பேசிட்டா” என்றார். சித்தப்பா மட்டும் அடிக்கவில்லை. “பொட்டிய நீதான் காப்பாத்துன” என்றார். அதைச் சொல்லிவிட்டுப் பத்து நாள் என்னோடு பேசவில்லை.

இந்த இடத்தில் பின்னாளில் நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். என் கடைக்குப் பழைய காமிரா சேர்க்கும் ஒருவர் வருவார். அவர் சொன்னது இது. ஜன்னலும் மரமும் சேர்ந்தால் அவர்கள் எழுத்தில் ‘ஜப்பான்’ என்று அர்த்தம். அந்தக் கம்பெனியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் விளம்பரம் என்பீர்கள். அதை ஆரம்பித்தவர் ஒரு ஜப்பான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. காமிரா செய்யத் தெரியாது, செய்தே தீருவது என்ற வைராக்கியம் மட்டும் இருந்தது. இரண்டு ஜெர்மன்காரர்களை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். முதலில் பெட்டியை மட்டும் ஜப்பானில் செய்து, கண்ணையும் இமை போல அதை மூடித் திறக்கும் விசையையும் ஜெர்மனியிலிருந்து வாங்கிப் பூட்டினார்கள். சில வருஷத்தில் ஜெர்மன்காரர்கள் விலகிக்கொண்டார்கள். இவர்கள் விடவில்லை. விசையைத் தாங்களே செய்தார்கள், பிறகு கண்ணாடியையும் தாங்களே காய்ச்சிக் கடைந்தார்கள். நம் நடுவயதில் உலகமே அவர்கள் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தது. கேட்டபோது எனக்கு என் கதையைக் கேட்பது போலவே இருந்தது.

ஆக, சித்தப்பா பெட்டி முதல் காலத்துப் பெட்டி. கண் ஜெர்மன், உடம்பு ஜப்பான். அன்றைக்கு மேரியில் சித்தப்பா முழுப்பொய்யும் சொல்லியிருக்க முடியாது, முழு உண்மையும் சொல்லியிருக்க முடியாது. கிளார்க்கும் சரியாகத்தான் படித்தார், நானும் சரியாகத்தான் காட்டினேன். இதை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கண்ணைச் சுற்றி ஜெர்மன் எழுத்து இருந்து, உடம்பின் தோல் மட்டும் மிளகு பரப்பியது போலப் பொடிப்பொடியாக இருந்தால் முதல் காலம். கால் மடங்கும்போது ‘டக்’ என்று ஒரே சத்தம் கேட்க வேண்டும். இரண்டு சத்தம் கேட்டால் யாரோ ஆணியை மாற்றியிருக்கிறார்கள்.

மார்கழி முடியும் சமயத்தில் ஏம்பலத்துக்காரரே வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார். நியாயஸ்தர், ஒரே அடியாக வெட்டிவிட அவருக்கு மனசு வரவில்லை.

“ஜப்பான் சாயம் வெயிலுக்கு நிக்காது. அது எனக்குத் தெரியும். அந்தப் படத்த ஆலைக் கொட்டாய்ல தெக்குக் காலுல மாட்டிட்டேன். வெல்லம் காச்சி முடியற வரைக்கும் வெயில்ல கெடக்கட்டும். பங்குனில பாக்கறேன். மங்காம இருந்தா பொண்ணு ஒங்களுது. மங்கிடுச்சின்னா படத்த நீங்க எடுத்துக்குங்க, பொண்ண நான் வெச்சிக்கறேன்.”

“பொட்டிக்கும் படம் மங்கறதுக்கும் சம்பந்தமே இல்ல. அது கழுவறதுல கீது” என்றார் சித்தப்பா.

“அப்ப நல்லதாப் போச்சு. கழுவுனது நீங்கதான?”

சித்தப்பா தைரியமாகத் தலையாட்டினார். பன்னிரண்டு தண்ணீர் மாற்றிய படம் எத்தனை வெயிலையும் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. அந்தப் படத்தை அலசிய அன்று தெருவில் குரங்காட்டி வந்திருந்தான். உடுக்கைச் சத்தம் மதகுவரை கேட்டது. ஆறு தண்ணீரோடு நிறுத்திவிட்டுப் படத்தைக் கல்லில் காயப்போட்டு நான் ஓடிப்போயிருந்தேன். இதை எவரிடமும் சொல்லவில்லை.

தை பிறந்ததிலிருந்து வெயிலைப் பார்த்தாலே எனக்குப் பயம். மேகம் வந்தால் சந்தோஷம். தை பத்தாம் தேதி வாக்கில், வெல்லம் வாங்க ஏம்பலத்துக்குப் போன பக்கத்து வீட்டு வண்டியில் அம்மாவைக் கெஞ்சி ஏறிக்கொண்டேன்.

ஆலை ஓய்ந்திருந்த மத்தியான நேரம். மாடுகள் நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. கொப்பரையிலிருந்து கிளம்பிய இனிப்பு ஆவி முகத்தில் ஒட்டியது. ஏம்பலத்துக்காரர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். ஆலை ஆட்களுக்குக் கூழ் கொண்டுவந்த பெண் மட்டும் பானையோடு நின்றிருந்தாள். கொட்டகையின் தெற்குக் கம்பத்தில் படம் தொங்கியது. காலையும் மாலையும் மரநிழல் விழும் இடம், அந்த உச்சி நேரத்தில் மட்டும் வெயில் நேராக அதன்மேல்.

“நீதான அந்தப் பொம்மைக்காரி?” என்றாள் அவள்.

நான் அழுதுவிட்டேன். குரங்காட்டியையும் ஆறு தண்ணீரையும் சொன்னேன். “படம் மஞ்சளாயிடும் அக்கா. சித்தப்பா மேல தப்பு இல்ல. பொட்டி மேலயும் தப்பு இல்ல. எம் மேலதான்.”

அவள் பானையை இறக்கி வைத்துவிட்டுப் படத்தின் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள்.

“ஒங்க சித்தப்பா இன்னா சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டா பாதில எழுந்துக்கறாரு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “இத வேற யார்கிட்டயும் சொல்லாத. கூழு குடிக்கிறியா?”

“படத்துக்கு இன்னா பண்றது?”

“நீ ஊட்டுக்குப் போ. நா பாத்துக்கறேன்.”

சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொன்ன பேச்சு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நேற்றுவரை அப்படித்தான் நினைத்தேன்.

பங்குனிக் கடைசியில் ஏம்பலத்துக்காரர் படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். துண்டைப் பிரித்துப் படத்தைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்க்கச் சொன்னார்.

“மூணு மாசம் ரெண்டு பேரும் ஒரே வெயில்ல நின்னோம். நாந்தான் கறுத்துட்டேன். அவன் அப்பிடியே கீறான்.”

கரும்புத் தோகை தோகையாகத் தெரிந்தது. கயிற்று முடிச்சு தெரிந்தது. மீசையில் நரை தெரிந்தது. ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

“செர்மன்காரன் என்னாத்துக்கு ஆவான்” என்றார் ஏம்பலத்துக்காரர். “இன்னா மாப்ள, இப்ப மாமான்னு கூப்புடேன்.”

வைகாசியில் கல்யாணம். கூழ்ப்பானையோடு நின்ற அந்தப் பெண்தான் எனக்குச் சித்தியானாள். பிறகு ஜப்பான்காரனும் சண்டையில் இறங்கி விரோதியானபோது, சித்தப்பா பெட்டியை என்ன செய்வது என்று மறுபடி சாப்பாட்டில் பாதியில் எழுந்தார். சித்தி அதை வெல்லப் பானைக்குள் வைத்து மேலே வெல்லத்தை அடுக்கிவிட்டாள். சண்டை முடிந்து எடுத்தபோது ஒரு கீல்கூடத் துருப்பிடிக்கவில்லை. எறும்புதான் கொஞ்சம் ஏறியிருந்தது. நான் கடை திறந்த அன்று சித்தப்பா அந்தப் பெட்டியை என் மேசைமேல் வைத்தார். பிறகு ஒரு கல்யாண வீட்டுக்கு இரவல் போன இடத்தில் அது தொலைந்தது. இன்றைக்கும் பழைய சாமான் கடையைக் கண்டால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

படம் என்னிடம்தான் இருக்கிறது. ஆறு தண்ணீரில் அலசிய படம் மூன்று மாத வெயிலையும் அதன்பின் இத்தனை வருஷத்தையும் தாங்கியது என் கை விசேஷம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். பாகூர் ஏரித் தண்ணீருக்குக் கொஞ்சம் பங்கு கொடுப்பேன். மிச்சம் பூராவும் எனக்குத்தான்.

நேற்று என் மருமகள் சட்டத்தைக் கழற்றித் தூசி தட்டினாள். “அத்த, அட்டைல முன்னாடி ஓரமெல்லாம் கரும்பச்சையா கீது. பின்னாடி மட்டும் இன்னா இப்பிடி வைக்கோல் மாதிரி வெளுத்துப்போய்க் கீது?” என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். அந்த முதுகை நான் இதற்கு முன் பார்க்காமல் இல்லை. மட்டமான அட்டை என்று நினைத்து மூடியிருக்கிறேன். முன்னும் பின்னும் ஒரே பச்சையாக இருந்த அட்டை அது. சுவரில் மாட்டிய பக்கம் வெளுக்காது. வெயில் பட்ட பக்கம்தான் வெளுக்கும்.

தன் அப்பா சாப்பிடப் போகும் உச்சிவெயில் நேரத்தில் சித்தி கூழ்ப்பானையோடு வருகிறாள். பானையை இறக்குகிறாள். படத்தைத் திருப்பி, முகம் கம்பத்தைப் பார்க்கும்படி மாட்டுகிறாள். ஆட்கள் குடித்து முடித்ததும் மறுபடி முன்பக்கம் திருப்பிவிட்டு வெறும்பானையோடு போகிறாள். வெல்லம் காய்ச்சி முடியும்வரை அப்படியே செய்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்குமேல் என்னோடு இருந்து, நான் என் கைப்பெருமையைச் சொல்லும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறாள். அவள் போய்ச் சேர்ந்தும் பல வருஷம் ஆகிவிட்டது.

எத்தனையோ பெட்டியின் முதுகைத் திறந்து ஊரும் காலமும் சொன்னவள் நான். இந்த அட்டையின் முதுகைப் படிக்காமல் விட்டுவிட்டேன்.

மருமகளிடம் சொல்லிவிட்டேன். பழைய சட்டம் வேண்டாம். இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டு, கூடத்துக்கு நடுவே தொங்கும்படி செய்யச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வந்தால் முன்பக்கத்தைப் பாருங்கள், அது ஜப்பான்காரன் வேலை. பிறகு சுற்றிவந்து பின்பக்கத்தையும் பாருங்கள்.